டெலனி பேர் ஒட்டிய பாத்திரம்

லொரெட்டா வோண்ட்ரா அழுது பார்த்தவர்கள் ஹாஸ்கின் ஊரில் அதிகம் பேர் இல்லை. அப்பா செத்தபோது ஒரு தடவை. மகள் டென்வருக்குக் குடிபோன அன்று, கார் தெருமுனை திரும்பும்வரை அடக்கிக்கொண்டிருந்து பிறகு ஒரு தடவை. அவ்வளவுதான். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவள், சும்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிற ஜாதி இல்லை.

ஆனால் அந்த மார்ச் மாதம் அவள் நாளொன்றுக்குப் பதினோரு தடவை அழுதாள். காலைச் செய்திக்கு நடுவில், பன்றி விலை நிலவரத்துக்கு முன்னால், மாலை வானிலைக்குப் பின்னால். டிவியைப் போட்டால் போதும், புது வீட்டு வாசலில் நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு லொரெட்டா விம்முவாள். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்ட ஒருவன் அவள் தோளை அணைத்தபடி நிற்பான். “இவங்க கண்ணீரை நான் துடைச்சேன். உங்க கண்ணீரையும் துடைப்பேன்” என்று ஒரு கனத்த குரல் வரும். பிராக் டெலனி, மாநிலச் சட்டசபைக்கு.

“படுபாவி” என்பாள் லொரெட்டா, பதினோரு தடவையும்.

“நிறுத்திடேன் அதை” என்பான் ஆர்லோ, சமையலறையில் போட்ட கட்டிலில் சாய்ந்தபடி. அவள் கணவன். மூக்கில் பிராணவாயுக் குழாய்.

“எதுக்கு நிறுத்தணும்? என் மூஞ்சி. நான் பாக்குறேன்.”

அவர்கள் டிவி பார்ப்பது சமையலறையில். படுப்பதும் அங்கேதான். படுக்கையறையில் மழை பெய்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு மே மாதச் சாயங்காலம் சூறைக்காற்று வந்து ஹாஸ்கினில் முப்பத்தாறு வீடுகளை வாரிக்கொண்டு போனது. லொரெட்டாவின் வீட்டில் நிலவறையும் அதற்கு இறங்கும் படியும்தான் மிச்சம். பத்து நாள் கழித்து கலிஃபோர்னியாவிலிருந்து நாலு பெரிய லாரிகள் வந்தன. ‘ஏழு நாளில் ஒரு வீடு’ என்ற நிகழ்ச்சிக்காரர்கள். நாடே பார்க்கிற நிகழ்ச்சி. முப்பத்தாறு வீட்டில் ஒன்றைத்தான் கட்டுவார்களாம். எந்த வீடு என்று கேமரா முன்னால் குலுக்கல் போட்டதாகக் காட்டினார்கள். ஆர்லோவின் மூக்குக் குழாயைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று அப்போதே ஆர்லோ சொன்னான். அவள் அவனை அதட்டினாள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா?

அந்த ஏழு நாளும் மழை. ஏழாம் நாள் ஒளிபரப்பு தப்பக் கூடாது என்பதற்காக நனைந்த மரத்தின் மேலேயே பலகையை அடித்தார்கள். கேமரா நின்ற தெற்குப் பக்கம் கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. வடக்குப் பக்கத்துக்குப் பூச்சே இல்லை. புகைபோக்கியைச் சுற்றிக் கூரையில் தகரம் அடிக்க வேண்டும், அதை அடிக்கவில்லை. சமையலறையில் வைத்திருந்த ரெட்டை அடுப்பு, படப்பிடிப்பு முடிந்த மறுநாளே லாரி ஏறிப் போய்விட்டது. ஆர்லோ விவசாயி என்று யாரோ சொல்ல, அவன் கட்டிலுக்குத் தலைமாட்டில் ஒரு டிராக்டரின் முன்பக்கத்தை அப்படியே வெட்டி வைத்திருந்தார்கள். ஆர்லோ வாழ்நாளெல்லாம் வளர்த்தது பன்றி. “தூங்கும்போதும் பக்கத்து வீட்டுக்காரன் வேலைக்குக் கூப்பிட்ட மாதிரி இருக்கு” என்றான்.

அந்த அழுகைக்கு வருவோம். கதவைத் திறந்ததும் லொரெட்டா அழவில்லை. “நல்லா இருக்கு, ரொம்ப நன்றி” என்றாள். ஹாஸ்கினில் அதற்கு மேல் ஒரு சந்தோஷத்தைச் சொல்ல வார்த்தை கிடையாது. நிகழ்ச்சியை நடத்திய டெலனிக்கு அது போதவில்லை. மறுபடி திறக்கச் சொன்னான். மூன்றாம் தடவை, காற்றோடு போன கல்யாணப் போட்டோவைப் பற்றிக் காதோடு கேட்டான். நாலாவது தடவை, காலையிலிருந்து சாப்பிடாமல் மழையில் நின்றுகொண்டிருந்த லொரெட்டாவுக்கு அலுப்பில் கண் நிறைந்துவிட்டது. “இதான், இதான்” என்று யாரோ கத்தினார்கள். அந்த அழுகையைத்தான் மூன்று வருஷம் கழித்து இப்போது ஊருக்கு விற்கிறான்.

கூரை முதல் குளிர்காலத்திலேயே ஒழுகியது. நிகழ்ச்சிக் கம்பெனிக்குப் பதினாலு கடிதம் போட்டாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. சுவரில் கறுப்பாகப் பூசணம் படர்ந்தது. ஆர்லோவின் மூச்சு அந்த அறையில் இரண்டு இரவு தாங்கியது, மூன்றாம் இரவு ஆம்புலன்ஸ் வந்தது. அன்றிலிருந்து கட்டில் சமையலறைக்கு வந்துவிட்டது, டிராக்டர் இல்லாமல்.

ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு வெர்லாவுக்கு மட்டும் தெரியும். அவள்தான் முதல் ஒழுகலுக்கு ஒரு வாளி கொண்டுவந்து கொடுத்தாள். சொல்லாததற்கு இரண்டு காரணம். முதலாவது, கிடைத்ததைக் குறை சொல்வது அந்த ஊரில் திருட்டை விடக் கேவலம். அதிலும் முப்பத்தைந்து வீட்டுக்காரர்களுக்கு ஒன்றுமே கிடைக்காதபோது. இரண்டாவது, அவள் கையெழுத்துப் போட்ட பத்தொன்பது பக்கத் தாள். கவுண்டித் தலைநகரில், அதாவது மாவட்டத் தலைநகரில், ஒரு வக்கீல் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நிகழ்ச்சியையோ, வீட்டையோ, டெலனியையோ பற்றிக் கெட்டதாக அவள் பேசக் கூடாது, எழுதக் கூடாது, படம் பிடித்துக் காட்டக் கூடாது. மீறினால் வழக்குப் போட்டு வீட்டையே எடுத்துக்கொள்வார்கள்.

“நல்லதா பேசலாமா?” என்று கேட்டாள்.

“தாராளமா பேசலாம்” என்றார் வக்கீல், அவள் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தபடி.

இந்த நிலைமையில்தான் ஜனவரியில் அந்தத் தொகுதியின் சட்டசபை உறுப்பினர் பனி வாரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தார். இடைத்தேர்தல் வந்தது. அந்தத் தொகுதியில் நாற்பது வருஷமாக ஒரே கட்சிதான் ஜெயிக்கிறது. கட்சி நிறுத்துகிற ஆள் யாரோ அவர்தான் உறுப்பினர். நிறுத்துவது யார் என்றால் ஊருக்கு ஊர் தேர்ந்தெடுத்த நாற்பத்திரண்டு பிரதிநிதிகள். அவர்களில் லொரெட்டாவும் ஒருத்தி, வெர்லாவும் ஒருத்தி. ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடக் கூடைப்பந்து அரங்கத்தில் கூடி, சேர்ந்து சாப்பிட்டு, பேச்சைக் கேட்டு, எழுந்து நின்று ஓட்டுப் போடுவார்கள். அதில் முடிந்துவிடும் கதை.

எல்லோரும் நினைத்தது மார்லிஸ் க்வேட் என்று. பதினாறு வருஷமாகக் கவுண்டி சபையில் இருப்பவள், பாதி நேரம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள். பேச்சு சுத்தமாக வராது. சிரித்தால் பல்வலி என்று நினைப்பார்கள். காற்றடித்த பிறகு பதினோரு நாள் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸை ஓட்டிக்கொண்டு கிழவர்களை வீடு வீடாகப் பொறுக்கி எடுத்தாள், தார்ப்பாய்க்கு மாநில அரசோடு மல்லுக்கட்டினாள். அதை எந்தக் கேமராவும் எடுக்கவில்லை.

அதற்குள் டெலனி வந்து குதித்தான். அறுபது நாள் குடியிருந்தால்தான் நிற்கலாம் என்பது சட்டம். ஏரிக்கரையில் ஒரு மரவீட்டை வாங்கினான். அந்தக் குளிரில் அதன் புகைபோக்கியில் ஒரு நாளும் புகை வரவில்லை என்பது மீன் பிடிக்கப் போன எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் “நம்ம ஊரு, நம்ம ஜனம்” என்று அவன் ஆரம்பித்தால் ஊர் வாய் பிளந்தது. இடுப்புப் பட்டையில் ஒரு சுத்தியல், காலில் கீறலே இல்லாத வேலைக்காரன் பூட்ஸ். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் அவன் ஆள் ஒரு பெண், பிரிஸ்கா என்று பேர், லொரெட்டாவுக்குப் போன் செய்தாள். டெலனியின் பேரை முன்மொழிந்து மூன்று நிமிஷம் லொரெட்டா பேச வேண்டுமாம். நாடறிந்த முகமாம்.

“பார்க்கலாம்” என்றாள் லொரெட்டா.

ஹாஸ்கினில் ‘பார்க்கலாம்’ என்றால் என் பிணத்தின் மேல்தான் என்று அர்த்தம். கலிஃபோர்னியாவில் சரி என்று அர்த்தம் போலிருக்கிறது. மறுநாள் நிகழ்ச்சி நிரலில் அவள் பேர் அச்சாகிவிட்டது. மறுத்துப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. தன் மேலேயே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. மூன்று வருஷமாக இதே கதைதான். நல்லா இருக்கு, ரொம்ப நன்றி, பார்க்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதை காப்பாற்றியதில் அவள் மூஞ்சியே கைமாறிப் போயிற்று.

கூட்டத்துக்கு முந்தின வாரம் பனி உருக ஆரம்பித்தது. அதுதான் அந்தக் கூரைக்கு மோசமான காலம். வெர்லா கொடுத்த வாளி போதாமல் ஒரு பெரிய அடுப்புத் தட்டை வைத்தாள். வான்கோழி வறுக்கிற ஆழமான தட்டு, அவள் அம்மாவுடையது அல்ல, யாருடைய நினைவுச்சின்னமும் அல்ல, கடையில் வாங்கியது. சனிக்கிழமை காலையில் அதைக் கொட்டப் போனவள் அப்படியே நின்றாள். டீ நிறத்தில் தண்ணீர். மேலே சுண்ணாம்புப் பூச்சுக் கட்டிகள், கறுப்புப் பூசணத் துண்டு, மரத்தூள்.

“என்ன, கொட்டலையா?” என்றான் ஆர்லோ.

“இன்னிக்கு நம்ம வீட்லேர்ந்து என்ன கொண்டுபோறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன்.”

ஆர்லோ அவளைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். முப்பத்தெட்டு வருஷக் கல்யாணம், விளக்கம் தேவைப்படவில்லை. அந்த ஊரில் பொதுச் சாப்பாட்டுக்கு ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம் கொண்டு போவார்கள். யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதற்காகப் பாத்திரத்தில் வெள்ளை ஒட்டுநாடா ஒட்டிச் சமைத்தவர் பேரை எழுதுவார்கள். சாப்பாடு முடிந்ததும் அவரவர் பாத்திரத்தை அவரவர் எடுத்துப் போக வேண்டும். பாத்திரத்தைத் தவற விடுகிறவளை ஊர் வருஷக்கணக்கில் பேசும்.

“யார் பேர ஒட்டப் போற?” என்றான்.

“செஞ்சவன் பேரத்தான்.”

ஆர்லோ சிரிக்க ஆரம்பித்து, இருமலில் முடித்தான். மூச்சு திரும்பியதும் சொன்னான்: “வீட்ட எடுத்துக்குவாங்க, லொரெட்டா.”

“எடுத்துக்கட்டும். படுக்கையறைலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லு.”

அலுமினியத் தாளை இறுக்கி மூடினாள். ஓரத்தில் நாடாவை ஒட்டி, பள்ளிக்கூடத்தில் மெனு எழுதின அதே கொட்டை எழுத்தில் எழுதினாள்: பிராக் டெலனி. கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. வெறும் பேர்.

அரங்கத்தில் ஒரு பக்கம் மடக்கு நாற்காலிகள், இன்னொரு பக்கம் நீள மேஜை. பன்றித் தொடை, பாலில் வேகவைத்த உருளைக்கிழங்கு, கேரட் துருவிப் போட்ட ஆரஞ்சு ஜெல்லி, கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி. லொரெட்டா தன் சுமையை மேஜையின் கடைசியில், சாப்பாட்டிலிருந்து இரண்டடி தள்ளி வைத்துவிட்டு வரிசையில் நின்றாள்.

முதலில் நாடாவைப் பார்த்தவர் ஹாலிஸ், கட்சியின் கவுண்டித் தலைவர். விதைக்கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷன், வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர். “அட, டெலனியும் ஒரு பாத்திரம் கொண்டாந்திருக்காரு பாருங்கய்யா” என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. வெளியூர்க்காரர்கள் வெறுங்கையோடு வந்து தட்டை நிரப்பிக்கொண்டு போவதுதான் வழக்கம். பாத்திரத்தோடு வந்தவன் பாதி உள்ளூர்க்காரன்.

“பாத்தியா, லொரெட்டா?” என்று பின்னாலிருந்து வெர்லா இடித்தாள். “பெரிய மனுஷன் சின்ன மனுஷன்னு பாக்காம வந்திருக்கான்.”

டெலனி மேஜைக்கு அந்தப் பக்கம் கை குலுக்கிக்கொண்டிருந்தான். அவனோடு எப்போதும் திரிகிற கேமராக்காரன் பாத்திரத்தையும் நாடாவையும் எடுத்துவிட்டு அவன் பக்கம் திருப்பினான். டெலனி ஒரு கணம் பிரிஸ்காவைப் பார்த்தான். அவள்தான் ஏற்பாடு செய்திருப்பாள் என்று நினைத்தான் போலும். அந்த ஒரு கணத்தில், இது என்னுடையது இல்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று வாழ்ந்தவனுக்கு அந்த வார்த்தை வாயில் வராது.

“ஆமாங்க” என்றான், வெட்கப்படுகிற மாதிரி தலையைக் குனிந்து. “எங்கம்மா கைப்பக்குவம். காலைல நாலு மணிக்கு எழுந்து நானே செஞ்சேன். சுமாராத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.”

கைதட்டினார்கள். அவன் கேமராவைப் பார்த்துக்கொண்டே அலுமினியத் தாளை ஒரே இழுப்பில் கிழித்தான்.

நாற்றம் முதலில் வந்தது. பிறகு எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பூசணத் துண்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கேமராக்காரன் பழக்க தோஷத்தில் அதையும் கிட்டத்தில் போய் எடுத்தான்.

“இது என்னங்க?” என்றார் ஹாலிஸ்.

“அதான் சொன்னாரே, அவங்கம்மா கைப்பக்குவம்” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். பத்துப் பேர் சிரித்தார்கள். டெலனி சிரிக்கவில்லை.

லொரெட்டா காகிதத் தட்டைக் கீழே வைத்தாள். “என் படுக்கையறைல எடுத்தது” என்றாள். “கூரைலேர்ந்து.”

கடைத்தேறிவிட்டோம் என்றே அவள் நினைத்தாள். மூன்று வருஷம் விழுங்கினதெல்லாம் மேஜை மேல் இருக்கிறது. இனி யார் என்ன பேசிப் பூசி மெழுக முடியும்?

டெலனியை அவள் இன்னும் சரியாக எடை போட்டிருக்கவில்லை. அவன் பாத்திரத்தை விட்டுவிட்டு நேராக அவளிடம் வந்தான். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர், முதல் தடவையிலேயே. அவளுக்கு ஆனது போல் நாலு தடவை ஆகவில்லை.

“லொரெட்டா, ஏன் எங்கிட்ட சொல்லல? ஒரு போன் பண்ணியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா? இத்தனை நாளா நீங்களும் ஆர்லோவும்…” கேமரா பக்கம் திரும்பினான். “நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு என் ஆளுங்க இவங்க வீட்டு வாசல்ல நிப்பாங்க. நானும் சுத்தியலோட நிப்பேன். இதான் நான். தப்பு நடந்தா ஓடி ஒளியிறவன் இல்ல.”

முதலில் ஒருவர் தட்டினார், பிறகு பாதி அரங்கம் தட்டியது. லொரெட்டா கையை உருவிக்கொண்டாள். பதினாலு கடிதம். ஒவ்வொன்றையும் தபால் நிலையத்தில் அவள் கையாலேயே போட்டது. குற்றவாளி இப்போது அவளாகிவிட்டாள், சொல்லாத குற்றத்துக்கு.

சாப்பாடு முடிந்து பேச்சு ஆரம்பித்தது. ஹாலிஸ் நிரலைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, லொரெட்டாவின் பேரைக் கூப்பிட்டார். அவள் ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றாள். முப்பத்தோரு வருஷம் இந்தக் கூட்டத்தின் பாதிப் பேருக்குச் சோறு போட்டவள். யாருக்குக் கேரட் பிடிக்காது என்பதுகூடத் தெரியும்.

“நான் ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கேன்” என்றாள். “டெலனியப் பத்திக் கெட்டதா ஒண்ணும் பேசக் கூடாது. அதனால அவரப் பத்தி ஒண்ணும் பேசப் போறதில்ல. ஆனா நல்லது பேசக் கூடாதுன்னு அதுல இல்ல. மார்லிஸ் க்வேட் பேர முன்மொழியிறேன். காத்தடிச்ச அன்னிக்கு நிலவறைலேர்ந்து எங்களத் தூக்கி விட்டது அவ. ஆர்லோவுக்குக் குழாய் இல்லாம மூச்சுத் திணறினப்ப பஸ்ஸ அறுபது மைல் ஓட்டிட்டுப் போய் அதக் கொண்டாந்தது அவ. எங்கிட்ட வந்து அழச் சொல்லல. நீங்கல்லாம் அந்த பஸ்ல உக்காந்திருந்தீங்க. யார் யார்னு எனக்குத் தெரியும்.”

போய் உட்கார்ந்தாள். டெலனியை ஹாலிஸே முன்மொழிய வேண்டியதாயிற்று. அவன் பேசின பத்து நிமிஷத்தில் மூன்று தடவை சிரிக்க வைத்தான், ஒரு தடவை மூக்கைச் சிந்த வைத்தான். பிறகு மார்லிஸ் எழுந்து ஒன்பது நிமிஷம் பாலத்தடிக் குழாய்களைப் பற்றித் தாளைப் பார்த்துப் படித்தாள், முகத்தைத் தூக்கவே இல்லை. அடிப் பாவி, ஒரு தடவை தலையைத் தூக்கேன், என்று லொரெட்டாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

ஓட்டு அந்த ஊர் முறைப்படி நடந்தது. டெலனிக்கு வேண்டியவர்கள் மேற்குச் சுவர், மார்லிஸுக்கு வேண்டியவர்கள் கிழக்குச் சுவர். சீட்டு கிடையாது, ஒளிவு கிடையாது. யார் யாரோடு நிற்கிறார் என்று எல்லோரும் பார்க்கலாம். நாற்காலிகள் கிறீச்சிட்டன. லொரெட்டா கிழக்கே போய் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு பார்த்தாள். பின்வரிசையில் கேலி பேசியவர் கிழக்கே வந்தார். காற்றடித்த அன்று பஸ்ஸில் மார்லிஸின் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவி மேற்கே போனாள். வெர்லா நடுவில் கொஞ்சம் நின்றாள். பிறகு லொரெட்டாவைப் பார்க்காமல் மேற்கே போனாள்.

ஹாலிஸ் இரண்டு தடவை எண்ணினார். மேற்கே இருபத்துமூன்று, கிழக்கே பத்தொன்பது.

கூச்சல், கைகுலுக்கல், படம் பிடித்தல் எல்லாம் அடங்கின பிறகு பெண்கள் அவரவர் பாத்திரத்தை எடுக்க ஆரம்பித்தார்கள். வெர்லா பக்கத்தில் வந்து நின்றாள்.

“கோவிச்சுக்காதே” என்றாள். “மார்லிஸ் நல்லவதான், யார் இல்லேன்னது? ஆனா தலைநகர்ல போய் நின்னா அவள யாருக்குத் தெரியும்? இவன் கூப்பிட்டா கவர்னரே போன எடுப்பாரு. ஊருக்கு நல்லதுதானே? உன் கூரையும் நாளைக்குச் சரியாயிடும்.”

“வெர்லா, உன் வாளி ரெண்டு வருஷமா என் படுக்கையறைல இருக்கு” என்றாள் லொரெட்டா. “அது எதுக்குன்னு இத்தனை நாளா இந்த ஊர்ல உனக்கு மட்டும்தான் தெரியும். மத்தவங்க இன்னிக்குத்தான் தெரிஞ்சு, அவன் அழுகைய நம்பி அந்தச் செவுத்துல நின்னாங்க. நீ ரெண்டு வருஷமா தெரிஞ்சே நின்ன. திங்கக்கிழமை வந்து வாளிய எடுத்துட்டுப் போ.”

வெர்லா தன் கொலாச்சித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். இருபத்தாறு வருஷப் பழக்கம். லொரெட்டா அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது பிரிஸ்கா ஒரு தாளோடு வந்தாள். நாளைக் காலைப் படப்பிடிப்புக்குச் சம்மதம், கீழே ஒரே ஒரு கையெழுத்து. கதவைத் திறந்து டெலனியைப் பார்த்ததும் லொரெட்டா என்ன செய்ய வேண்டும் என்பதைக்கூட நாசூக்காகச் சொன்னாள்.

“கேமரா இல்லாம வருவாரா?” என்று கேட்டாள் லொரெட்டா.

பிரிஸ்காவுக்குக் கேள்வியே புரியவில்லை. “கேமரா இல்லாம எப்படி, மேடம்?”

“அப்ப வர வேணாம்னு சொல்லு. கதவு திறக்காது. வீட்ட எடுத்துக்கணும்னா போலீஸோட வரச் சொல்லு, எங்க வேணா வந்து கூரை ஒழுகுறதச் சொல்றேன். தாளோட பத்தொன்பது பக்கத்தையும் படிச்சிக் காட்டிட்டுச் சொல்றேன்.” கோட்டை மாட்டிக்கொண்டாள். கையில் ஒன்றும் இல்லை. பொதுச் சாப்பாட்டிலிருந்து அவள் வெறுங்கையோடு கிளம்புவது அதுதான் முதல் தடவை.

நீள மேஜை காலியாகிவிட்டது. கடைசியில் அந்தத் தட்டு மட்டும் நின்றது. ஹாலிஸ் மேஜையை மடக்க வந்தவர், அதைத் தொடவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றார்.

“லொரெட்டா” என்று கூப்பிட்டார். “உன் பாத்திரத்த மறந்துட்டியே.”

“என்னது இல்லையே, ஹாலிஸ்” என்றாள் அவள், கதவருகிலிருந்து. “பேரு ஒட்டியிருக்கு பாருங்க. நாலு மணிக்கு எழுந்து செஞ்சேன்னு அவரே சொன்னாரு. பாத்திரத்த அவரவர்தான் எடுத்துட்டுப் போகணும்.”

அரங்கத்தின் நடுவில் டெலனியைச் சுற்றி இன்னும் இருபது பேர் நின்றார்கள். கேமராவின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் திரும்பித் தட்டைப் பார்த்தார்கள். பிறகு, ஊர் வழக்கப்படி, அதன் சொந்தக்காரனைப் பார்த்தார்கள். லொரெட்டா போய்விட்டாள். அவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். டெலனி தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, தளும்பாமல், வாசலை நோக்கி மெதுவாக நடக்க வேண்டியிருந்தது.